காட்டுக்குயிலும் காகித விமானமும்

ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டில் ஏறினால் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்க ஏறக்குறைய அரைமணி நேரம். ராமோன்ஸ் என்கிற அமெரிக்கக் குழுவின் முதல் ஆல்பம் 29 நிமிடம், பதினாலு பாட்டு. வழியில் லாரியோ மாடோ குறுக்கே வராமல் இருந்தால் கடைசிப் பாட்டு முடியவும் ஆண்டாள் கோபுரம் கண்ணில் படவும் சரியாக இருக்கும். இதையெல்லாம் ஒருத்தன் கணக்குப் போட்டு வைத்திருக்கிறான் என்றால் அவன் காமர்ஸ் படிக்கிறான் என்று அர்த்தம் :-)

நம்மாளு பி.காம். மூன்றாம் வருடம். வீடு ராஜபாளையம், கல்லூரி ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம். காதில் எந்நேரமும் ஒயர். வீட்டில் யாருக்கும் அவன் என்ன கேட்கிறான் என்று தெரியாது. அம்மாவைப் பொறுத்தவரை அது "தகரத்த போட்டு உருட்டுற பாட்டு".

அந்தத் தகரத்துக்குப் பெயர் பங்க். கொஞ்சம் இனிப்பு சேர்த்தால் பங்க் பாப். தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன கொசுவத்தி. 1974ல் நியூயார்க்கில் நாலு பேர் சேர்ந்தார்கள். நாலு பேருக்கும் ஒரே குடும்பப் பெயர், ஆனால் ஒருத்தருக்கொருத்தர் சொந்தமே கிடையாது. அந்தக் காலத்து ராக் குழுக்கள் பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் என்று கிதாரை வாசித்துத் தள்ளிக்கொண்டிருந்தபோது இவர்கள் இரண்டு நிமிடத்தில் பாட்டை முடித்தார்கள். புதுமை என்று உலகம் வாயைப் பிளந்தது. உண்மையில் இவர்கள் செய்தது பழசுக்குத் திரும்பிப் போனதுதான். சின்ன வயதில் ரேடியோவில் கேட்ட 60களின் பாட்டுகளைத்தான் வேகம் கூட்டி, சத்தம் கூட்டி அடித்தார்கள். அந்த முதல் ஆல்பத்திலேயே 1962ல் வந்த ஒரு நடனப் பாட்டைத் திரும்பப் பாடியிருக்கிறார்கள். லண்டனில் இருந்து வந்த கிளாஷ் குழுவும் அப்படித்தான். பழைய ராக் அண்ட் ரோல் பாட்டான 'ஐ ஃபாட் த லா'வை 1979ல் தூசு தட்டி எடுத்தார்கள். 1994ல் கிரீன் டே வந்து டூக்கி ஆல்பத்தை விற்றுத் தீர்த்தபோது அதே மூன்று கார்டு, அதே வேகம், அதே பழைய ராகம். ஆக, இந்த இசையே பழசை நோண்டி எடுக்கிற இசை. இதைக் கேட்க ஆரம்பிப்பவனும் பின்னாடியே போய்க்கொண்டிருப்பான்.

நம்மாளும் அப்படித்தான் போனான். சென்னையில் வேலை பார்க்கும் மாமா பையன் கொடுத்த கிரீன் டேயில் தொடங்கி, அங்கிருந்து ராமோன்ஸ், அங்கிருந்து கிளாஷ். 1982ல் வந்த 'காம்பாட் ராக்' ஆல்பத்தில் 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' என்று ஒரு பாட்டு. வேகமே கிடையாது. தூங்கி வழிகிற மாதிரி ஒரு கிதார். வேறு நாட்டிலிருந்து வந்து, வந்த இடத்தில் யாருக்கும் வேண்டாதவர்களாய்ப் போனவர்களைப் பற்றிய பாட்டு. ஒரு நாள் பஸ்ஸில் அது முடிந்ததும் அதே கிதார் மறுபடி தொடங்கியது. பாட்டுதான் திரும்ப ஓடுகிறது என்று சும்மா இருந்தான். திடீரென்று ஒரு பெண் குரல். அப்புறம் டுமீல் டுமீல் டுமீல் என்று வெடிச் சத்தம். அதற்குப் பிறகு கடைக் கல்லாப்பெட்டி திறக்கிற 'க்ளிங்'.

காமர்ஸ் மாணவனுக்குக் கல்லாப்பெட்டி சத்தத்தைவிட இனிய சங்கீதம் உண்டா? போனை எடுத்துப் பெயரைப் பார்த்தான். 'பேப்பர் பிளேன்ஸ்'. பாடியவர் எம்.ஐ.ஏ. முழுப்பெயரைத் தேடினால் மாதங்கி அருள்பிரகாசம்.

யாரோ வெள்ளைக்காரி என்று நினைத்துக் கேட்டால் மாதங்கி! பக்கத்து சீட்டுப் பெரியவரிடம் போனைக் காட்டிச் சொல்லலாமா என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியதாம். நல்லவேளை, சொல்லவில்லை.

மாதங்கி 1975ல் லண்டனில் பிறந்தவர். ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் போனார். போர் நடந்துகொண்டிருந்த ஊரில் வளர்ந்து, நடுவில் கொஞ்ச காலம் சென்னையிலும் இருந்துவிட்டு, 1986ல் அம்மாவோடும் அக்கா தம்பியோடும் லண்டனுக்கே திரும்பினார். 2005ல் முதல் ஆல்பம், அப்பா பெயரில் 'அருளர்'. 2007 ஆகஸ்டில் இரண்டாவது, அம்மா பெயரில் 'கலா'. பேப்பர் பிளேன்ஸ் அந்த 'கலா'வில் பதினோராவது பாட்டு. 2008ல் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் நாலாவது இடம் வரை ஏறியது. அதே வருடம் 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்திலும் வந்தது. பாட்டை எழுதியவர்கள் என்று ஆறு பெயர் இருக்கும். மாதங்கி, உடன் இசையமைத்த டிப்ளோ, மீதி நாலும் கிளாஷ் குழுவினர். கிதார் அவர்களுடையதாச்சே. வாங்கியதற்குப் பற்று, கொடுத்தவருக்கு வரவு. சுத்தமான இரட்டைப் பதிவு முறை என்று நம்மாளுக்கு ஏக சந்தோசம்.

இந்த நேரத்தில்தான் கல்லூரி ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். தலைப்பு அவரவர் விருப்பம், இரண்டு பக்கம். நம்மாளு 'கலா'வுக்கு விமர்சனம் எழுதுவதென்று முடிவு செய்தான். வீட்டு மாடியில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் போட்டுக் குறிப்பெடுக்க ஆரம்பித்தான்.

முதல் பாட்டு 'பாம்பூ பாங்கா'. அதன் தொடக்க வார்த்தைகளை நம்மாளு உடனே பிடித்துவிட்டான். அது 'ரோட்ரன்னர்'. ஜோனதன் ரிச்மன் தன் மாடர்ன் லவ்வர்ஸ் குழுவோடு 1972ல் பதிவு செய்து 1976ல் வெளிவந்த பாட்டு. ராத்திரி நேரத்தில் ரேடியோவைப் போட்டுக்கொண்டு நெடுஞ்சாலையில் கார் ஓட்டுகிற சுகம்தான் மொத்தப் பாட்டும். பங்க்காரர்களுக்கெல்லாம் அது அரிச்சுவடி. 'ஆகா, கண்டுபிடித்துவிட்டேன்' என்று நோட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது மாடிப்படியில் சித்தப்பா.

சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 90களில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கேசட் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தவர். துண்டுச்சீட்டில் பாட்டு எழுதிக் கொடுத்தால் இரண்டு நாளில் பதிந்து, உறையில் முத்து முத்தாக எழுதிக் கொடுப்பார். 60 கேசட்டுக்கு இத்தனை பாட்டு, 90 கேசட்டுக்கு இத்தனை என்று விரல் நுனியில் கணக்கு. சிடி வந்து பாதி, எம்பி3 வந்து மீதி என்று கடை போனது. இப்போது அங்கே மொபைல் ரீசார்ஜ் செய்கிறார்கள். அதன்பின் சித்தப்பா பாட்டைப் பற்றி வீட்டில் பேசி யாரும் கேட்டதில்லை.

அவர் படியிலேயே நின்றார்.

"டேய், இது தளபதி!"

"எது சித்தப்பா?"

"அடியில ஓடுது பாரு. காட்டுக்குயிலு. 91 தீபாவளிக்கு எத்தன கேசட்டு பதிஞ்சிருப்பேன், எனக்குத் தெரியாதா?"

தேடிப் பார்த்தான். ஆல்பக் குறிப்பிலேயே தளபதி இருக்கிறது. ராஜா சார் பாட்டின் துண்டுதான் அது. நம்மாளு பத்து தடவை கேட்டும் அவன் காதில் விழவில்லை. ரிச்மனைத் தேடிப் பாஸ்டன் வரை போனவனுக்குச் சொந்த வீட்டுப் பரணில் இருந்தது தெரியாமல் போயிற்று. சித்தப்பாவுக்கு ரோட்ரன்னர் தெரியாது, இவனுக்குக் காட்டுக்குயிலு தெரியவில்லை. ஆளுக்குப் பாதி.

அன்றைக்கு ராத்திரி இரண்டு பேரும் முழு ஆல்பத்தையும் கேட்டார்கள். இரண்டாவது பாட்டு 'பேர்ட் ஃப்ளூ'. உறுமி போட்டுக் கிழிக்கிறார்கள், நடுவில் கோழி வேறு கொக்கரிக்கிறது. அதற்குள் 2003ல் வந்த 'ஜெயம்' படத்தின் 'திருவிழான்னு வந்தா' இருக்கிறது. நாலாவது 'ஜிம்மி', 1982ல் வந்த 'டிஸ்கோ டான்சர்' இந்திப் படத்தின் பாட்டைத் திரும்பப் பாடியது. ஏழாவது '20 டாலர்'. அதில் பிக்ஸீஸ் குழுவின் பாட்டும் நியூ ஆர்டரின் 80களின் சிந்தசைசரும் கலந்திருக்கும். அமெரிக்க விசா சிக்கலால் அங்கே உட்கார்ந்து வேலை செய்ய முடியாமல் இந்தியா, டிரினிடாட், ஆஸ்திரேலியா, ஜப்பான் என்று சுற்றிச் சுற்றிப் பதிவு செய்த ஆல்பம் இது. சென்னையில் ஏ.ஆர்.ரகுமானின் பஞ்சதன் ஸ்டுடியோவிலும் வேலை நடந்தது.

குறையும் உண்டு. கடைசிப் பாட்டு 'கம் அரவுண்ட்', அமெரிக்கத் தயாரிப்பாளர் டிம்பலேண்டோடு சேர்ந்து செய்தது, ஆல்பத்தோடு ஒட்டவே இல்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் ஐஸ்கிரீமுக்குப் பிறகு யாரோ உப்புமா வைத்த மாதிரி. நடுவில் ஒன்றிரண்டு பாட்டு சத்தத்தை மட்டும் நம்பி ஓடுகிறது. சித்தப்பா தீர்ப்பு சொன்னார்: "பன்னெண்டு பாட்டு. 60 கேசட்டு ஒண்ணு தாங்கும். கடைசிப் பாட்ட விட்டுட்டுப் பதியலாம்."

விமர்சனம் ஒரே ராத்திரியில் முடிந்தது. பேப்பர் பிளேன்ஸைப் பற்றி நம்மாளு எழுதிய வரி இது: 'அந்தத் துப்பாக்கிச் சத்தம் தீபாவளி மாதிரி ஒரு கொண்டாட்டம்.' அவனுக்கே ரொம்பப் பிடித்த வரி.

மறுநாள் சிநேகிதனிடம் காட்டினான்.

சிநேகிதன் அதே வகுப்பு. விருதுநகர் பக்கத்திலிருந்து வருகிறவன். இவன் மேற்கிலிருந்து பஸ் பிடிப்பான், அவன் கிழக்கிலிருந்து. ஸ்ரீவில்லிபுத்தூரில் சந்தித்து, ஒரு டீயை இரண்டாகப் பிரித்துக் குடிப்பார்கள். சாயங்காலம் நேரம் இருந்தால் பென்னிங்டன் நூலகத்தில் பேப்பர் படிப்பார்கள். 1875லிருந்து இருக்கிற நூலகம், மின்விசிறிக்காகவே போகலாம். மூன்று வருடப் பழக்கம். அவன் வீடு இலங்கைத் தமிழர் முகாமில். 2021லிருந்து அதற்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர். வெளியில் நம்மைப் போலவே 'பேசுவான்', வீட்டுக்குப் போன் போட்டால் 'கதைப்பான்'. பிறந்தது இங்கே அரசு ஆஸ்பத்திரியில். இலங்கையை அவன் பார்த்ததே இல்லை.

ஒயரில் ஒன்றை அவன் காதில் கொடுத்து, பேப்பர் பிளேன்ஸைப் போட்டான். சிநேகிதன் தலையாட்டிக் கேட்டான். வெடிச் சத்தம் வந்ததும் ஒயரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"நல்லாருக்கு மாப்ள."

"அப்புறம் ஏன்டா எடுத்துட்ட?"

"எங்க அம்மம்மா தீபாவளியன்னைக்கு ரூமுக்குள்ள போய் கதவ சாத்திக்கும். ராத்திரி பூரா வெளிய வராது. அதான் ஞாபகம் வந்துச்சு. ஒண்ணுமில்ல, நீ கேளு."

அவ்வளவுதான் சொன்னான். கோபமெல்லாம் இல்லை. ஆனால் அந்தத் தீபாவளி வரி நம்மாளுக்கு இடறியது. இருந்தாலும் அடிக்க மனசு வரவில்லை. நல்ல வரியாச்சே!

பங்குனியில் ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய மாரியம்மன் கோயில் பூக்குழி. அம்மம்மாவுக்கு ஏதோ நேர்த்திக்கடன் என்று சிநேகிதன் கூட்டி வந்திருந்தான். கூட்டமென்றால் கூட்டம், வெயிலென்றால் வெயில். மூன்று பேரும் ஒரு கடைத் திண்ணையில் ஒதுங்கினார்கள். நம்மாளு பால்கோவா வாங்கிவந்தான். தெருவில் உறுமியும் தவிலும் போய்க்கொண்டே இருந்தன.

"என்ன தம்பி எந்நேரமும் காதுக்குள்ள?" என்று அம்மம்மா கேட்டார்.

நம்மாளு யோசித்து, பேர்ட் ஃப்ளூவைத் தேடிப் போட்டு ஒயரை அவர் காதில் வைத்தான். அவர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு ஒயரைக் கழற்றி, தெருவைப் பார்த்தார். மறுபடி மாட்டினார். மறுபடி கழற்றினார்.

"வெளியில அடிக்கிறதுதானே இதுக்குள்ளயும் கேக்குது?"

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். 'வினோதமான தாளம்' என்று உலகமே வியந்த பாட்டு, இவருக்கு எதிர்த்தெருச் சத்தம்.

"இல்ல அம்மம்மா, இது லண்டன்ல ஒரு பொம்பளப் பிள்ள பாடினது. இலங்கைதான்."

"எந்த ஊர்ப் பிள்ளை?"

"யாழ்ப்பாணத்துல இருந்தவங்க. எண்பத்தாறுல லண்டன் போயிட்டாங்க."

"எப்பிடிப் போனவை? பாஸ்போட் இருந்ததோ?"

"அவங்க பிறந்ததே லண்டன்ல."

"ஓ... அப்பச் சரி" என்றார் அம்மம்மா.

அதற்குமேல் அவர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பால்கோவா நல்லா இருக்குது என்றார். அம்மம்மா 1990ல் படகில் ராமேசுவரம் வந்து இறங்கியவர். மண்டபத்தில் பதிந்து, அங்கிருந்து லாரியில் இந்த மாவட்டத்துக்கு வந்தவர். மாதங்கி நாலு வருடம் முன்னால் விமானம் ஏறினார். ஒரே கடல், ஒரே சண்டை. ஒருவரின் பிறப்புச் சான்றிதழில் லண்டன் என்று இருந்தது. வித்தியாசம் அந்த ஒரு சொல்தான்.

இதற்குள் போன் அடுத்த பாட்டுக்குத் தாவியிருந்தது. வரிசையைக் கலைத்துப் போடும் பட்டன் அமுக்கியிருந்ததை நம்மாளு கவனிக்கவில்லை. திண்ணையில் கிடந்த ஒயரிலிருந்து மெல்லிசாக அந்தத் தூங்கி வழியும் கிதார் கசிந்தது. அம்மம்மா ஒயரை எடுத்து மறுபடி காதுக்குக் கொண்டுபோனார். நம்மாளு கை நீட்டுவதற்குள் சிநேகிதன் பாய்ந்து போனைப் பிடுங்கி அணைத்துவிட்டான். "சார்ஜ் இல்ல அம்மம்மா" என்றான். அவர் "சரி அப்பு" என்று ஒயரைச் சுருட்டிக் கொடுத்தார். சிநேகிதனின் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் நம்மாளுக்கு விசயம் முழுசாகப் புரிந்தது.

அடுத்த வாரம் வேலைக்கு ஆள் எடுக்க ஒரு கம்பெனி வந்தது. பெயர் வேண்டாம். கணக்கு வேலை, ஆறு மாதம் கழித்து வெளிநாட்டுப் பயிற்சி. எழுத்துத் தேர்வில் இரண்டு பேரும் தேறினார்கள், சிநேகிதன் மார்க்கு கூடுதல். பிறகு ஒரு படிவம் கொடுத்தார்கள். குடியுரிமை என்று ஒரு கட்டம். நம்மாளு 'இந்தியன்' என்று எழுத ஒரு விநாடி ஆகியிருக்காது. பாஸ்போர்ட் எண் கட்டத்தில் 'விண்ணப்பிக்க உள்ளேன்' என்று எழுதினான். பக்கத்தில் சிநேகிதனின் பேனா அந்த இரண்டு கட்டத்துக்கு மேலேயே நின்றது.

இங்கே பிறந்தால் போதும் என்றுதான் நம்மாளு மூன்று வருடமாக நினைத்துக்கொண்டிருந்தான். அப்படி இல்லை. 1987 ஜூலைக்குப் பிறகு பிறந்தவர்களுக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்கவேண்டும் என்று சட்டம். 2019ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்று நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு மட்டும். இலங்கை அதில் இல்லை. சிநேகிதன் கட்டத்தைக் காலியாக விட்டுக் கொடுத்தான். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். கூப்பிடுகிறோம் என்றார். நம்மாளைக் கூப்பிட்டார்கள்.

பேப்பர் பிளேன்ஸ் எதைப் பற்றிய பாட்டு? போலி விசா பற்றிய பாட்டு. வெளிநாட்டிலிருந்து வருகிறவனைப் பார்த்தாலே 'இவன் சுடுவான், கல்லாவை எடுத்துக்கொண்டு ஓடுவான்' என்று நினைக்கிற ஆட்களைக் கிண்டலடிக்கிற பாட்டு. அந்த டுமீலும் அந்தக் கல்லாப்பெட்டியும் அவர்களுடைய பயத்தின் சத்தம். அமெரிக்கத் தொலைக்காட்சியில் அந்தச் சத்தத்தை மாற்றித்தான் போட்டார்கள். இதையெல்லாம் நம்மாளு படித்திருந்தான், விமர்சனத்தில் எழுதியும் இருந்தான். படித்தது வேறு, பக்கத்து பெஞ்சில் பேனா நின்றதைப் பார்த்தது வேறு. எம்.ஐ.ஏ. பேசிய அரசியலை ஒத்துக்கொள்ளாதவர்கள் நிறைய, அதற்கு அவரவர் காரணம் உண்டு. ஆனால் அந்தக் காலிக் கட்டத்தை அவர் பாட்டாக்கினார் என்பதை மறுக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. கிண்டலாகவே இருந்தாலும் அந்தச் சத்தத்தை அம்மம்மா கேட்க முடியாது. லண்டனில் ஆடுகிறவனுக்கு அது பாட்டு, ராஜபாளையம் பஸ்ஸில் போகிறவனுக்கு அது ஜாலி, முகாமில் கதவைச் சாத்திக்கொள்கிறவருக்கு அது வேறு. பாட்டு நல்ல பாட்டா என்றால், நல்ல பாட்டுதான். எல்லாருக்குமா என்றால், இல்லை. விமர்சனம் எழுதுகிறவன் இந்த இரண்டையும் சொல்லியாக வேண்டும்.

மலருக்குக் கொடுக்கும் முந்தின நாள் நம்மாளு தீபாவளி வரியை அடித்துவிட்டு வேறு எழுதினான்: 'பதினோராவது பாட்டைப் போடுமுன் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளவும்.' மலரைப் படித்த வகுப்புப் பையன்கள் அது பெரியவர்கள் திட்டுவார்கள் என்பதற்காகப் போட்ட எச்சரிக்கை என்று நினைத்துக்கொண்டார்கள். அவன் விளக்கவில்லை.

சிநேகிதன் படித்துவிட்டு, "பழசே நல்லாருந்துச்சு மாப்ள" என்றான். அப்புறம், "இதுவும் பரவால்ல" என்றான். அவன் இப்போது விருதுநகரில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடப் போகிறான். அங்கே யாரும் கட்டம் போட்ட படிவம் கொடுக்கவில்லை.

பி.கு. 'கலா'வைக் கேட்க நினைப்பவர்களுக்கு ஒரு வரிசை. முதலில் கிளாஷின் ஸ்ட்ரெய்ட் டு ஹெல், பிறகு ரோட்ரன்னர், பிறகு தளபதி கேசட். அதற்குப் பிறகு ஆல்பத்தைப் போடுங்கள். வீட்டில் சித்தப்பா மாதிரி யாராவது இருந்தால் ஸ்பீக்கரில் போடுங்கள். உங்கள் காதுக்குச் சிக்காதது அவர்களுக்குச் சிக்கும். பதினோராவது பாட்டுக்கு மட்டும் ஒயரை மாட்டிக்கொள்ளுங்கள்.